முதல் டாரட் கட்டு: ஸ்மித்தா, மார்செய்யா, தோத்தா?

"ஒண்ணே ஒண்ணுதான் வாங்கப் போறேன் அத்தை. எதை வாங்கட்டும்?" என்று அண்ணன் மகள் போனை நீட்டினாள். பதினொரு டாரட் கட்டுகளின், அதாவது குறி சொல்லப் பயன்படுத்தும் படச்சீட்டுக் கட்டுகளின், படங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். பூனைகள் வரும் கட்டு, காட்டுச் செடிகள் வரும் கட்டு, கறுப்புத் தாளில் தங்க மையால் அச்சிட்ட கட்டு. எல்லாமே அழகாகத்தான் இருந்தன. ஆனால் ஒவ்வொன்றிலும் அவள் பார்த்திருந்தது சூரியன், சந்திரன், காதலர்கள், மரணம் என்று நாலைந்து அட்டைகளை மட்டுமே. விற்பவர்கள் அவற்றைத்தான் படம் பிடித்துப் போடுகிறார்கள்.

"இதில் கோப்பை எட்டு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். கோப்பை எட்டு என்றால் என்ன என்பதே அவளுக்கு அப்போது தெரியாது.

அன்று சாயங்காலம் கூடத்தில் பாயை விரித்து, என்னிடம் இருக்கும் மூன்று கட்டுகளையும் அவள் முன்னால் பரப்பினேன். அன்று அவளிடம் சொன்னதையும், அவள் சொல்லி நான் புரிந்துகொண்டதையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன். முதல் கட்டு வாங்க நினைக்கும் யாருக்கும் இது உதவும்.

டாரட் கட்டில் 78 அட்டைகள். அதில் 22 பெரிய அட்டைகள், அதாவது மேஜர் அர்கானா. முட்டாள், மந்திரவாதி, பேரரசி, கோபுரம், உலகம் என்று ஒவ்வொன்றுக்கும் தனி உருவம் உண்டு. மீதி 56-ம் சின்ன அட்டைகள். கோல், கோப்பை, வாள், காசு என நான்கு இனம். ஒவ்வொரு இனத்திலும் ஒன்று முதல் பத்து வரை எண் அட்டைகள், அவற்றுக்கு மேல் நான்கு அரண்மனை ஆட்கள். நாம் ரம்மி ஆடும் சீட்டில் ராஜா, ராணி, ஜாக்கி என்று மூன்று பேர். இதில் குதிரைவீரன் ஒருவன் கூடுதல்.

கட்டைக் கலைத்து மூன்று அட்டை எடுத்தால் சராசரியாக இரண்டு சின்ன அட்டைகளாகத்தான் இருக்கும். பெரிய 22-ல் எந்தக் கட்டிலும் ஏறக்குறைய அதே ஆட்கள் வருவார்கள், உடையும் முகமும் மாறும், அவ்வளவுதான். ஒரு கட்டு உங்களோடு பேசுமா பேசாதா என்பது சின்ன 56-ல்தான் தெரியும். அதனால்தான் கோப்பை எட்டைப் பற்றிக் கேட்டேன்.

நான் எதற்காக டாரட் வைத்திருக்கிறேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நாளைக்கு என்ன நடக்கும் என்று அட்டை சொல்லும் என்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. காலையில் காபியோடு ஒரு அட்டையை எடுத்து வைத்துப் பத்து நிமிஷம் பார்ப்பேன். பார்க்கும்போது மனசில் எழுவதை நோட்டில் எழுதுவேன். ஒன்பது வருஷமாக இந்தப் பழக்கம். நேராகக் கேட்டால் எனக்கே பதில் தெரியாத விஷயங்கள், ஒரு படத்தைப் பற்றி எழுத ஆரம்பித்தால் தானாக வெளியே வந்துவிடுகின்றன. தெருவில் கிளி ஜோசியம் பார்த்து வளர்ந்த நமக்கு இது அவ்வளவு அந்நியமும் இல்லை. கிளி எடுத்துப் போடும் அட்டையில் முருகனோ மாரியம்மனோ இருப்பார்கள். ஜோசியர் அந்தப் படத்தில் தொடங்கி, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்துக்கு வந்து சேர்வார். எனக்கு வேண்டியது அந்த வழிதான். அதனால் கட்டுகளை நான் ஒப்பிடுவதும் ஒரே கேள்வியை வைத்துத்தான்: இந்தப் படம் என்னைப் பேச வைக்கிறதா?

மூன்று குடும்பங்கள்

இன்று விற்கும் கட்டுகளில் பெரும்பாலானவை மூன்று குடும்பங்களில் ஒன்றைச் சேர்ந்தவை. பூனை வரைந்திருந்தாலும் செடி வரைந்திருந்தாலும் அடியில் இந்த மூன்றில் ஒன்றின் எலும்புக்கூடு இருக்கும். அதனால் முதலில் குடும்பத்தைத் தேர்ந்தெடுங்கள். பூனை அப்புறம்.

மூத்தது மார்செய். டாரட் பிறந்தது 15-ஆம் நூற்றாண்டின் வட இத்தாலியில், ஆடுவதற்கான சீட்டாக. மிலான் பிரபுக்களுக்காகக் கையால் தீட்டிய விஸ்கோந்தி-ஸ்ஃபோர்ஸா கட்டின் 35 அட்டைகள் இன்று நியூயார்க்கின் மார்கன் நூலகத்தில் இருக்கின்றன. பணக்காரர் வீட்டுப் பொருளாக இருந்த அந்தச் சீட்டு, மரக்கட்டை அச்சு வந்தபின் பிரான்ஸிலும் சுவிட்சர்லாந்திலும் கடைச்சரக்கானது. மார்செய் நகரத்து நிக்கோலா கோன்வெர் பெயரில், 1760 என்று ஆண்டு பொறித்து வந்த கட்டுதான் இன்று பலரும் மாதிரியாக வைத்துக்கொள்வது. பிரான்ஸில் டாரட்டை வெறும் சீட்டாட்டமாக ஆடுகிறவர்கள் இன்றைக்கும் நிறையப் பேர். இது எகிப்தியரின் ஞானநூல் என்ற கதை 1781-ல் கூர் த ஜெபெலின் என்ற பிரெஞ்சுக்காரர் எழுதியதிலிருந்து பரவியது. எகிப்திய எழுத்தையே 1822-க்கு முன் யாராலும் படிக்க முடியவில்லை. ஆகவே அந்தக் கதையைக் கட்டின் பெட்டியில் பார்த்தால் நம்ப வேண்டாம்.

இரண்டாவது, எல்லாரும் ரைடர்-வெயிட் என்று சொல்லும் கட்டு. 1909 டிசம்பரில் லண்டனில் வெளிவந்தது. ரைடர் என்பது பதிப்பகத்தின் பெயர். வெயிட் என்பது திட்டம் வகுத்த ஆர்தர் எட்வர்ட் வெயிட். வரைந்தவர் பமேலா கோல்மன் ஸ்மித். அவர் பெயர் பெட்டியில் இல்லாமலே பல பத்தாண்டுகள் ஓடிவிட்டன. எனக்கு இது இன்றும் வலிக்கிறது. அதனால் என் வீட்டில் அதன் பெயர் ஸ்மித் கட்டுதான். இந்தக் கட்டுரையிலும் அப்படியே சொல்கிறேன்.

ஸ்மித் 1878-ல் லண்டனில் பிறந்தவர். சிறுவயதில் சில வருஷம் ஜமைக்காவில் வாழ்ந்தார். அங்கே கேட்ட அனன்சி என்ற சிலந்தியின் கதைகளைப் பின்னால் படத்தோடு புத்தகமாக்கினார். நியூயார்க்கில் புரூக்ளினில் ஓவியம் படித்தார். லண்டனின் லைசியம் நாடகக் குழுவோடு ஊர் ஊராகப் போனார். 1909-ல் சில மாதங்களுக்குள் எண்பதுக்குக் கிட்டத்தட்ட படங்களை வரைந்து முடித்துவிட்டு, பெரிய வேலை, கிடைத்த பணமோ ரொம்பக் கொஞ்சம் என்று நியூயார்க்கில் இருந்த புகைப்படக் கலைஞர் ஆல்ஃப்ரெட் ஸ்டீக்லிட்ஸுக்கு எழுதினார். 1951-ல் இங்கிலாந்தின் கார்ன்வால் பக்கம் கடனோடு இறந்துபோனார். அந்த மூல ஓவியங்கள் இன்று எங்கே என்று தெரியவில்லை. உலகத்தில் அதிகமாக அச்சான டாரட் படங்கள் அவருடையவை.

நாடக மேடையில் வேலை பார்த்தவர் கை என்பது அட்டைகளில் தெரிகிறது. பல சின்ன அட்டைகளில் ஆட்களின் காலுக்குப் பின்னால் ஒரு கோடு குறுக்கே ஓடும். அதற்கு முன்னால் மேடைத் தளம், பின்னால் தீட்டிய திரைச்சீலை. ஆள் நிற்கும் நிலையிலேயே கதை இருக்கும். 56 சின்ன அட்டைகளுக்கும் இப்படிக் காட்சி கொடுத்ததுதான் அந்தக் கட்டின் பெரிய காரியம். அதற்கு முன் எண் அட்டைகளில் பெரும்பாலும் சின்னங்களை எண்ணிக்கைப்படி அடுக்கி வைப்பார்கள், அவ்வளவுதான்.

மூன்றாவது தோத். மறைஞான விஷயங்களை எழுதிய ஆங்கிலேயர் அலிஸ்டர் க்ரௌலி திட்டம் கொடுக்க, லேடி ஃப்ரீடா ஹாரிஸ் 1938 முதல் 1943 வரை வரைந்தது. சில மாதங்களில் முடிந்துவிடும் என்று ஆரம்பித்தது ஐந்து வருஷம் இழுத்தது. தொடங்கும்போது ஹாரிஸுக்கு அறுபது வயது தாண்டிவிட்டது. சில அட்டைகளைத் திரும்பத் திரும்பப் புதிதாக வரைந்தார். க்ரௌலி 1947-ல் இறந்தார். கணவர் இறந்த பிறகு ஹாரிஸ் இந்தியாவுக்கு வந்து, 1962-ல் ஸ்ரீநகரில் காலமானார். கட்டு அச்சானது 1969-ல். தம் ஐந்து வருஷ உழைப்பு ஒரு சீட்டுக்கட்டாகக் கைக்கு வந்ததை இருவருமே பார்க்கவில்லை. மூல ஓவியங்கள் லண்டனின் வார்பர்க் இன்ஸ்டிட்யூட்டில் இருக்கின்றன.

ஒரே அட்டை, மூன்று கட்டில்

கடைக்காரர் காட்டும் அட்டையை விட்டுவிட்டு, ஒரே அட்டையை மூன்று கட்டிலிருந்தும் எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். நான் முதலில் வாள் மூன்றை வைத்தேன்.

ஸ்மித் அட்டையில் ஒரு சிவப்பு இதயம். மூன்று வாள்கள் அதில் பாய்ந்திருக்கின்றன. பின்னால் சாம்பல் மேகம், சாய்ந்து பெய்யும் மழை. ஆள் யாருமில்லை. இதற்கு யாரும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை, ஆறு வயதுக் குழந்தைக்கும் புரியும். இந்த உருவத்துக்கு ஒரு முன்னோடி உண்டு. 15-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இத்தாலியில் செதுக்கிய சோலா புஸ்கா என்ற கட்டிலும் வாள் மூன்று இதே போன்ற இதயம்தான். அதன் புகைப்படங்கள் அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருந்தன. ஸ்மித் அவற்றைப் பார்த்திருப்பார் என்பது ஆராய்ந்தவர்களின் முடிவு.

மார்செய் அட்டையில் இதயமும் இல்லை, மழையும் இல்லை. வளைந்த இரண்டு வாள்கள் பாதாம்கொட்டை மாதிரி ஒரு வட்டம் கட்டுகின்றன. நடுவில் நேராக ஒரு வாள் அந்த வட்டத்தைக் கிழித்துக்கொண்டு போகிறது. பக்கத்தில் இலைக்கொத்து. "இதில் என்ன இருக்கு?" என்றாள் அவள். வாள் இரண்டை எடுத்து இதன் பக்கத்தில் வைத்தேன். அதில் வளைந்த வாள்களுக்குள்ளே பத்திரமாக ஒரு பூ. மூன்றில் அந்தப் பூ இருந்த இடத்தில் வாள் நிற்கிறது. அவள் கொஞ்ச நேரம் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு "ஓ" என்றாள். மார்செய் கட்டைப் படிக்கும் முறையே இதுதான். தனி அட்டை எதுவும் சொல்லாது. முன்னால் உள்ளதும் பின்னால் உள்ளதும் சேர்ந்துதான் பேசும். இரண்டு, நாலு, ஆறு வரும்போது நடுவில் பூ, ஒற்றை எண் வரும்போது வாள். சுரம் மாறுவது மாதிரி.

தோத் அட்டையில் இருட்டு. கொந்தளிக்கும் பின்னணியில் மூன்று வாள்கள் ஒரு பூவின் நடுவில் சந்திக்க, இதழ்கள் உதிர்கின்றன. அடியில் ஒரு சொல் அச்சிட்டிருக்கிறது: துயரம். கூடவே சனியின் குறியும் துலா ராசியின் குறியும்.

இப்போது கோப்பை எட்டு. இதில்தான் அன்றைக்கு முடிவே மாறியது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

அவள் போன மாதம்தான் வேலையை விட்டிருந்தாள். நல்ல சம்பளம், நல்ல பெயர். ஏன் விட்டாள் என்று வீட்டில் யாருக்கும் புரியவில்லை, அவளும் சொல்லவில்லை. நான் அதைக் கேட்கவும் இல்லை. ஸ்மித் அட்டையை முன்னால் வைத்தேன். இரவு. மேலே முகம் உள்ள நிலா, கண்ணைத் தாழ்த்திக் கீழே பார்க்கிறது. சிவப்பு மேலங்கி போட்ட ஒருவன் கோலை ஊன்றிக்கொண்டு, நமக்கு முதுகு காட்டி மலைப்பக்கம் நடக்கிறான். முன்னால் எட்டுக் கோப்பைகள், ஒன்றும் உடையாமல், ஒன்றும் கவிழாமல். கீழ்வரிசையில் ஐந்து, மேலே மூன்று.

அவள் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். "மேல ஒரு இடம் காலியா இருக்கு அத்தை. ஒண்ணு குறையுது" என்றாள். உண்மைதான். மேல்வரிசை மூன்றும் ஒட்டி நிற்கவில்லை, நடுவில் ஒரு கோப்பை நிற்கிற அளவுக்கு இடைவெளி. அதற்கப்புறம் அவளாகவே பேசினாள். சம்பளம் போதவில்லை என்றில்லை, ஏதோ ஒன்று குறைந்தது, அது என்னவென்று தெரியாமலே இரண்டு வருஷம் போய்விட்டது என்றாள். அரை மணி நேரம் பேசினாள். நான் ஒரு வார்த்தை விளக்கம் சொல்லவில்லை.

அடுத்து மார்செய் கோப்பை எட்டு. மூன்று, இரண்டு, மூன்று என்று அழகாக அடுக்கிய கோப்பைகள், நடுவில் கொடியும் பூவும். யாரும் எங்கும் போகவில்லை, எதுவும் குறையவில்லை. "நிறைஞ்சு இருக்கு" என்றாள் அவள். அதுவும் சரியான வாசிப்புதான். எட்டு என்பது மார்செய் படிக்கிறவர்களில் பலருக்குச் சமநிலையின் எண். ஆனால் அந்தப் படத்தில் அவள் தன்னைப் பார்க்கவில்லை.

பிறகு தோத். பாசி பிடித்த குட்டை மாதிரி நிறங்கள். கனத்த வானம். தலை தொங்கிய தாமரைகள். விளிம்பு சிதைந்த பழைய கோப்பைகள், அவற்றில் சிலவற்றில்தான் தண்ணீர் விழுகிறது. ஓவியமாகப் பார்த்தால் மூன்றில் இதுதான் வலுவானது என்பேன். அடியில் ஆங்கிலத்தில் ஒரு சொல். அதன் பொருள் சோம்பல். அவள் அதைப் படித்தாள். முகம் மாறிவிட்டது. வீட்டில் ஏற்கெனவே அந்த வார்த்தையை அவள் கேட்டிருக்கிறாள்.

நான் அந்த அட்டையைத் திருப்பி வைத்துவிட்டேன்.

மூன்று கட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெளிவாகப் பட்டது. ஸ்மித் ஒரு காட்சியைக் காட்டிவிட்டு நம்மைப் பேச விடுகிறார். மார்செய் எண்ணையும் வடிவத்தையும் மட்டும் கொடுக்கிறது, கதையை நாம்தான் கொண்டுவர வேண்டும். தோத் தீர்ப்பையும் சேர்த்தே அச்சடித்துக் கொடுக்கிறது. கோப்பை பத்துக்குத் தெவிட்டல், காசு ஐந்துக்குக் கவலை, வாள் பத்துக்கு நாசம். அந்தச் சொற்கள் மனம் போனபடி போட்டவை அல்ல, அவற்றுக்குப் பின்னால் பெரிய கணக்கு இருக்கிறது. ஆனால் மனசு புண்பட்டிருக்கும் ஒருவர் தனியாக உட்கார்ந்து முதல்முதலாக அட்டை எடுக்கும்போது, அந்தச் சொல் படத்தை முந்திக்கொண்டு வந்து நிற்கும். இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

வாள் ஆறையும் கடைசியாக ஒருமுறை பார்த்தோம். ஸ்மித்தில் ஒரு படகு. படகோட்டி கழி ஊன்றுகிறான். போர்வை போர்த்திய பெண்ணும் ஒரு குழந்தையும் குனிந்து உட்கார்ந்திருக்கிறார்கள், ஆறு வாள்களும் படகிலேயே குத்தி நிற்கின்றன. படகுக்கு ஒரு பக்கம் தண்ணீர் சுருள் சுருளாக, மறுபக்கம் அசையாமல். மார்செய்யில் வாள்களின் நடுவே ஒற்றைப் பூ. தோத்தில் ஆறு வாள்களும் நடுவிலுள்ள ஒரு ரோஜாவை நோக்கி நிற்கின்றன, தலைப்பு அறிவியல். இந்த அட்டையில் மட்டும் மார்செய்யும் தோத்தும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் மாதிரி இருப்பதைக் கவனித்தது அவள்தான்.

யாருக்கு தோத்?

தோத்தை நான் ஒதுக்கவில்லை. ராசி, கிரகம் எல்லாம் பழகியவர்களுக்கு அதில் ஒரு நேர்வழி உண்டு. இரண்டு முதல் பத்து வரையுள்ள 36 எண் அட்டைகளும் ராசிச் சக்கரத்தின் 36 பாகங்கள், பாகத்துக்குப் பத்துப் பாகை. நம் ஊர் ஜோதிடத்தில் திரேக்காணம் என்கிறோமே, அதே பிரிவுதான். கோப்பை எட்டு என்பது மீனத்தின் முதல் பத்துப் பாகையில் சனி. அதனால்தான் அத்தனை கனம். ஜாதகம் பார்க்கத் தெரிந்த என் தோழி ஒருத்தி இந்தக் கட்டை எடுத்த இரண்டாம் நாளே சரளமாகப் படித்தாள். ஒன்றை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்: திரேக்காணத்துக்கு அதிபதியைக் கணக்கிடும் முறை அவர்களுக்கு வேறு, நமக்கு வேறு. நம் கணக்கை அப்படியே அதில் பொருத்தினால் குழப்பம்தான்.

இன்னொரு குழப்பம் அரண்மனை ஆட்களில். மார்செய்யிலும் ஸ்மித்திலும் பணியாள், குதிரைவீரன், ராணி, ராஜா. தோத்தில் ராஜாவே கிடையாது. குதிரைவீரன், ராணி, இளவரசன், இளவரசி. இதில் குதிரைவீரன்தான் மூத்தவன். ஸ்மித் கட்டுக்கு எழுதிய புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு தோத் படித்தால் அப்பாவைப் பிள்ளையாக்கிவிடுவீர்கள். அதேபோல நீதிக்கும் வலிமைக்கும் எண் மாறும். மார்செய்யில் நீதி 8, வலிமை 11. வெயிட் ராசி வரிசை சரியாக வரவேண்டும் என்று இரண்டையும் இடம் மாற்றினார். க்ரௌலி பழைய எண்ணுக்கே திரும்பினார், பெயர்களை மட்டும் மாற்றிவிட்டார். எந்தக் கட்டுக்கு எந்தப் புத்தகம் என்பதைப் பார்த்து வாங்குங்கள்.

பதிமூன்றாம் அட்டையான மரணத்தைப் பற்றி எல்லாரும் பயந்து கேட்பார்கள். மார்செய்யில் அதற்குப் பெயரே எழுதுவதில்லை, எண் மட்டும்தான். எலும்புக்கூடு ஒன்று அரிவாளால் கறுப்பு மண்ணை அறுக்கிறது. தலைகளும் கைகளும் செடிகளும் கலந்து கிடக்கின்றன. கிடக்கும் தலைகளில் ஒன்றில் கிரீடம். ஸ்மித்தில் வெள்ளைக் குதிரை மேல் கவசம் போட்ட எலும்புக்கூடு, கையில் வெள்ளை ரோஜா வரைந்த கறுப்புக் கொடிக்கம்பம். ராஜா விழுந்து கிடக்கிறான், மதகுரு கும்பிடுகிறார், பெண் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். சின்னக் குழந்தை மட்டும் நேராகப் பார்க்கிறது. தோத்தில் எலும்புக்கூடு ஆடுகிறது, அரிவாள் வீச்சில் எழும் குமிழ்களுக்குள் புது உருவங்கள். மூன்றில் எனக்குப் பிடித்தது ஸ்மித்தின் அந்தக் குழந்தை.

கையில் எடுத்துப் பார்க்கும்போது

அளவைப் பாருங்கள். ஸ்மித் கட்டு வழக்கமாக 7 செ.மீ. அகலம், 12 செ.மீ. நீளம். மார்செய்யும் கிட்டத்தட்ட அதுதான், கொஞ்சம் ஒடுக்கமாக இருக்கும். தோத்தின் பெரிய பதிப்பு 14 செ.மீ. நீளம், சின்னக் கைக்காரர்களால் சீட்டு மாதிரி கலைக்கவே முடியாது. மேஜை மேல் பரப்பிக் கிளறித்தான் எடுக்க வேண்டும். சின்னப் பதிப்பும் உண்டு, கேட்டு வாங்குங்கள். சில தோத் பதிப்புகளில் மந்திரவாதி அட்டை மூன்று இருக்கும், மொத்தம் 80 வரும். அச்சுப் பிழை இல்லை, ஹாரிஸ் வரைந்த வேறு இரண்டு வடிவங்களையும் சேர்த்திருக்கிறார்கள்.

ஸ்மித் கட்டில் வண்ணம்தான் தேர்வு. மஞ்சளும் நீலமும் பளிச்சென்று அடிக்கும் பதிப்புதான் அதிகமாகக் கிடைக்கிறது. அந்தக் கட்டின் நூற்றாண்டையொட்டி 2009-ல் வந்த பதிப்பு மங்கலான, பழைய அச்சின் நிறங்களில் இருக்கும். நான் பயன்படுத்துவது அதுதான். தினமும் பார்க்கிற படம் கண்ணைக் குத்தக் கூடாது.

போலி அச்சு நிறைய. ஸ்மித் 1951-ல் இறந்ததால் பிரிட்டனில் 2021 முடிவோடு அவர் படங்களுக்குப் பதிப்புரிமை முடிந்துவிட்டது. அமெரிக்காவில் அதற்கு முன்பே முடிந்தாயிற்று. ஆகவே யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம், அதில் நல்லதும் உண்டு. என் முதல் கட்டு நல்லது அல்ல. மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆன்லைனில் வாங்கினேன். ஓரங்கள் வெட்டுப்பட்டிருந்தன, கோல் ஏழு இரண்டு இருந்தது, காசு நாலு இல்லை. திருப்பி எடுத்துக்கொள்ளவும் மாட்டோம் என்றுவிட்டார்கள். அன்றிலிருந்து ஒரு சோதனை வைத்திருக்கிறேன். அட்டையின் கீழ் மூலையில் ஸ்மித் தம் பெயரின் மூன்று முதலெழுத்துகளைக் கொடி மாதிரிப் பின்னிக் கையொப்பம் போட்டிருப்பார். அந்தக் கோடுகள் தெளிவாகப் பிரிந்து தெரிந்தால் அச்சு நல்ல அச்சு. கறுப்புப் பூச்சியாகத் தெரிந்தால் வாங்காதீர்கள்.

முதல் கட்டை யாராவது பரிசாகத்தான் தரவேண்டும், நாமே வாங்கக் கூடாது என்று ஒரு பேச்சு உண்டு. அதை விட்டுத்தள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியதை நீங்கள் பார்த்து வாங்குவதுதான் நல்லது.

என் தேர்வு

முதல் கட்டு ஒன்றே ஒன்று என்றால் ஸ்மித். இதில் எனக்குத் தயக்கமே இல்லை. புத்தகம் இல்லாமல் முதல் நாளே உட்கார்ந்து பார்க்கலாம் என்பது ஒரு காரணம். ஒன்பது வருஷம் கழித்தும் பார்க்க ஏதாவது இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய காரணம். பூனைக் கட்டு பிடித்திருந்தால் அதையும் வாங்கலாம், ஆனால் அதன் சின்ன அட்டைகளில் பூனைகள் ஏதாவது செய்கின்றனவா, சும்மா எட்டுக் கோப்பைக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள்.

எண்களோடும் வடிவங்களோடும் வாழ்கிறவர், கோலம் போடுகிறவர், கணக்குப் படித்தவர், சீட்டாடிப் பழகியவர் என்றால் மார்செய்யிலேயே நேராகத் தொடங்கலாம். சிலருக்குப் படத்தில் ஆட்கள் இருந்தால் தொந்தரவு. அவர்களுக்கு அந்த வெறும் வாளும் கோப்பையும் நிம்மதி. எனக்கு மார்செய் பிடிபட நாலு வருஷம் ஆனது, இப்போது அதில்லாமல் இருக்க முடியாது. தோத் மூன்றாவதாக வரட்டும். படிக்க நேரமும் தாங்கும் மனசும் இருக்கும்போது.

வாங்கிய பின் ஒரு வாரத்துக்குக் கையேட்டைத் திறக்காதீர்கள். முதலில் 78-ம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். அப்புறம் ஒரே எண்ணுள்ள நாலு அட்டைகளைச் சேர்த்து வையுங்கள். ஸ்மித்தின் ஐந்துகளை நாங்கள் அப்படி வைத்தோம். கோல் ஐந்தில் ஐந்து பையன்கள் தடியோடு மோதுகிறார்கள். வாள் ஐந்தில் ஒருவன் வாள்களை அள்ளிக்கொண்டு சிரிக்க, தோற்றவர்கள் கடலைப் பார்த்துப் போகிறார்கள். கோப்பை ஐந்தில் கறுப்பு அங்கிக்காரர் கவிழ்ந்த மூன்றையே பார்த்துக்கொண்டிருக்கிறார், நிமிர்ந்து நிற்கும் இரண்டு முதுகுக்குப் பின்னால். காசு ஐந்தில் பனியில் இரண்டு ஏழைகள், ஒருவருக்குக் கையில் ஊன்றுகோல், கழுத்தில் மணி. மேலே விளக்கெரியும் வண்ணக் கண்ணாடி ஜன்னல். நாலு அட்டையையும் சேர்த்துப் பார்த்தால் ஐந்து என்றால் என்ன என்று புத்தகம் சொல்லாமலே தெரிந்துவிடும். "இந்தக் கட்டிடத்துக்கு வாசல் எங்க?" என்று காசு ஐந்தைக் காட்டிக் கேட்டாள் அவள். வாசல் வரையப்படவில்லை. நல்ல கேள்வி, நோட்டில் எழுதிக்கொள் என்றேன்.

அவள் ஸ்மித் கட்டையே வாங்கினாள், மங்கலான வண்ணப் பதிப்பு. பத்து நாள் கழித்து ஒரு படம் அனுப்பியிருந்தாள். காசு ஒன்பது. திராட்சைத் தோட்டத்தில் கையில் வல்லூறோடு தனியாக நிற்கும் பெண். அந்த அட்டையை நான் நூறு தடவையாவது எடுத்திருப்பேன். அவள் கீழ் ஓரத்தில் சிவப்பாக ஒரு வட்டம் போட்டு, "இந்த நத்தையைப் பாத்திருக்கீங்களா அத்தை?" என்று கேட்டிருந்தாள். பார்த்ததில்லை. என் கட்டிலிருந்து அந்த அட்டையை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தேன். அந்தப் பெண்ணின் கவுன் ஓரத்துக்கு அருகே, புல்லில், நத்தை மெல்லப் போய்க்கொண்டிருந்தது.